கைமாறும் பந்து, கைமாறும் சொல்

சடுகுடுவில் கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் நுழைகிறவரைப் 'பாடிப் போகிறவர்' என்பது கிராமத்து வழக்கு. அவர் போவது தாக்குவதற்கு. அங்கே அவரைக் கவிழ்த்துப் போட ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். ஆனாலும் அதற்குப் பெயர் பாட்டு. ஒரே மூச்சில், இடையறாமல், எல்லோர் காதிலும் விழும்படி ஒரு சொல்லை அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல் அறுந்தால் ஆள் அவுட். மகாராஷ்டிரத்தில் அந்தச் சொல் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு, நம் பக்கம் சடுகுடு. வாயில் ஓடும் சொல்லே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. பேச்சையே விதியாகக் கொண்ட குழு விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எழுத்தையும் விளையாட்டையும் சேர்த்துப் பேசும்போது நாம் வழக்கமாக உவமையோடு நிறுத்திக்கொள்கிறோம். சிலேடை என்றால் 'சொல் விளையாட்டு', நல்ல வசனகர்த்தா என்றால் 'சிக்ஸர் அடித்தார்'. இரண்டுக்கும் நடுவே இதைவிட நெருங்கிய உறவு உண்டா என்பதே கேள்வி. இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தொல்காப்பியர் மகிழ்ச்சி பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணும்போது செல்வம், அறிவு, கூடல் ஆகியவற்றோடு விளையாட்டையும் வைத்தார். படைப்பதும் காப்பதும் அழிப்பதும் இறைவனுக்கு ஓயாத விளையாட்டு என்று சொல்லித்தான் கம்பர் காப்பியத்தையே தொடங்குகிறார். விளையாட்டு இன்பம் தருவது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது எப்படி நடக்கிறது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

நவீன விவாதத்தின் தொடக்கப்புள்ளி ஹாலந்து வரலாற்றாசிரியர் யோஹன் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்'. விளையாடும் மனிதன் என்று பொருள். பண்பாட்டுக்குள் விளையாட்டும் ஒரு பகுதி என்று அவர் சொல்லவில்லை. வழக்காடுமன்றம், போர், சடங்கு, கவிதை எல்லாம் விளையாட்டாகவே தோன்றி வளர்ந்தன என்றார். விளையாட்டுக்கு ஒரு வட்டம் உண்டு. அதற்குள் தனிக் காலம், தனி இடம், தனி விதி. வட்டத்துக்குள் இருந்துகொண்டே ஏமாற்றுகிறவனை ஆட்டக்காரர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். வட்டமே பொய் என்று எழுந்து போகிறவனைப் பொறுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கூர்மையான கவனிப்புகளில் ஒன்று. சீட்டாட்டத்தில் நடுவில் கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் மாமாவை அறிந்த எல்லோருக்கும் இது புரியும். அதே நூலின் இறுதிப் பகுதியில் அவர் கசந்துபோகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியிலிருந்து போட்டி விளையாட்டு மேலும் மேலும் அமைப்பாகி, இறுகி, விளையாட்டுத்தன்மையை இழந்துவிட்டது. கவிதைதான் இன்னும் தன் பிறப்பிடத்தை விட்டுப் போகாமல் இருக்கிறது என்கிறார். நான்கு ஆண்டுகளில் நாஜிகள் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்துப் போனார்கள். நாடு முழுவதும் விடுபடுவதற்குள், 1945 பிப்ரவரியில், இறந்துபோனார். அந்தக் கசப்பை வெறும் முதியவரின் புலம்பல் என்று தள்ள முடியாது.

பிரெஞ்சுக்காரரான ரோஜே கையுவா 1958இல் ஹொய்சிங்காவைத் திருத்தி, ஆட்டங்களைப் போட்டி, அதிர்ஷ்டம், வேடம், தலைசுற்றல் என நான்கு கூடைகளில் போட்டார். கனடாவில் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல், தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வதே ஆட்டம் என்று வரையறுத்தார். குழியில் பந்தைப் போட வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கோல்ஃப் ஆட்டக்காரர் கையால் எடுத்துப் போட்டுவிடலாமே, ஏன் கோலால் தட்டுகிறார்? வெண்பாப் பாடியவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஆகவே சூட்ஸின் வரையறை எழுத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. தத்துவவாதி விட்கென்ஸ்டைனோ எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஒரு தன்மையே கிடையாது, ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல்போல அங்கங்கே ஒத்துப்போகும், அவ்வளவுதான் என்றார். மொழியில் நாம் ஆடுவது ஆட்டங்களே என்ற எண்ணம் அவருக்கு முதலில் தோன்றியது கால்பந்து நடந்துகொண்டிருந்த ஒரு மைதானத்தைக் கடந்து போகும்போதுதான் என்றொரு செய்தியை அவருடைய மாணவர் நார்மன் மால்கம் தம் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார்.

இவர்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. ஹொய்சிங்காவுக்குப் போட்டியே கண்ணில் நிற்கிறது. சூட்ஸின் ஆட்டக்காரர் தடைக்கு எதிரே தனியாக நிற்கிறார். கையுவாவின் நான்கு கூடைகளில் எதிலும் பந்தைக் கூட்டாளியிடம் கொடுக்கும் செயலுக்கு இடமில்லை. ஆனால் எந்த மைதானத்துக்குப் போனாலும் காதில் அதிகம் விழுவது 'குடுடா, குடுடா' என்ற குரல்தான். கோல் போடுவது ஒரு நொடி. மீதி நேரமெல்லாம் கொடுத்து வாங்கல். எழுத்தையும் குழு விளையாட்டையும் உண்மையில் இணைக்கும் கண்ணி அந்தக் கொடுத்து வாங்கலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொடுத்து வாங்குவது ஏதோ மனிதரின் நல்ல குணத்தால் ஆட்டத்துக்குள் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விதிதான் அதைப் பெற்றெடுத்தது. 1863இல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் முதல் சட்டங்களை எழுதியபோது, பந்துக்கு முன்னால் நிற்கும் சக வீரர் எவரும் ஆட்டத்தில் சேர்த்தியில்லை. முன்னே இருப்பவரிடம் பந்தைத் தள்ளவே முடியாது. பந்தை வைத்திருப்பவர் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார், மற்றவர்கள் பின்னால் கூட்டமாக ஓடுவார்கள், அவர் இழந்தால் அடுத்தவர் பொறுக்கிக்கொள்வார். 1866இல் ஒரு சிறு திருத்தம் வந்தது: எதிரணியில் மூன்று பேர் முன்னே இருந்தால் போதும், அந்த வீரர் ஆஃப்சைடு இல்லை. மைதானத்தில் அதுவரை செத்துக் கிடந்த இடமெல்லாம் உயிர் பெற்றது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டுப் போட்டியில் கோலே விழவில்லை. ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். எடையில் இங்கிலாந்துக்காரர்களைவிடக் குறைந்தவர்கள். முட்டி மோதினால் தோற்கவேண்டியவர்கள் பந்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கி ஆடினார்கள். அந்த ஆட்டமுறை அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு கூடைப்பந்து. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் அரங்குக்குள் அடைபட்டுத் துள்ளிக்கொண்டிருந்த பதினெட்டு மாணவர்களுக்காக 13 விதிகள் எழுதினார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்த இடத்தில் நின்று அங்கிருந்தே எறிய வேண்டும். ஓடினால்தானே மற்றவன் இழுத்துத் தள்ளுவான் என்பது அவர் கணக்கு. சண்டையைத் தவிர்க்கப் போட்ட தடைதான் கூட்டாளியைத் தேட வைத்தது. ரக்பியில் பின்னால் இருப்பவருக்கு மட்டுமே பந்தைக் கையால் எறியலாம், ஆகவே முன்னேற வேண்டுமானால் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். அந்தாதி பாடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எழுத்துக்கு வருவோம். எழுதுவது தனியாள் வேலை என்ற நம்பிக்கை நமக்கு மிகவும் ஊறிப்போயிருக்கிறது. தமிழின் பழைய பாவினங்கள் சில அப்படி நினைக்க விடுவதில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்று வரிசையாக வருகின்றன. காய் எறிந்து பிடிப்பது, பந்தடிப்பது, ஊஞ்சலாடுவது: மூன்றும் பெண்களின் ஆட்டம், மூன்றும் பாட்டு வடிவம். கந்துக வரியை வாய்விட்டுப் படித்தால் தாளமே தரையில் மோதி எழும்புவது தெரியும். பிள்ளைத்தமிழில் பெண்குழந்தையின் கடைசி மூன்று பருவங்கள் கழங்கும் அம்மானையும் ஊசலும்தான். திருவாசகத்தைத் திறந்தால் அம்மானை, பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று பெண்பிள்ளைகளின் ஆட்டங்கள் வரிசையாக வருகின்றன. பக்தியின் உச்சத்தில் நின்ற ஒருவர் தம் பாட்டுக்கு வீட்டு முற்றத்தில் ஆடிய பெண்களிடமிருந்தே உருவம் எடுத்துக்கொண்டார். நம் இலக்கிய வரலாறுகள் இதை ஒரு பட்டியலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தமே.

அம்மானையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிற்காலக் கலம்பகங்களில் அது முதிர்ந்து மூன்று பெண்களின் ஆட்டமாகிறது. ஒருத்தி ஒரு செய்தியைச் சொல்லிக் காயை எறிகிறாள். அடுத்தவள் அதைப் பிடித்து, அதில் ஒரு முரணைக் கண்டு கேள்வியாகத் திருப்பி எறிகிறாள். மூன்றாமவள் ஒரு சிலேடையால் முடித்துவைக்கிறாள். வடிவம் புரிய நானே ஒன்று உரைநடையில் கட்டிப் பார்க்கிறேன். முதற்பெண்: 'ஆலவாய் ஈசன் பிச்சை எடுத்து உண்கிறவன்.' இரண்டாமவள்: 'ஒன்றும் இல்லாதவன் வாசலில் ஊரே ஏன் காத்துக் கிடக்கிறது?' மூன்றாமவள்: 'ஏன் இல்லை, அவனிடம்தான் மாடு இருக்கிறதே!' மாடு என்றால் காளை. மாடு என்றால் செல்வம். கைதட்டல் மூன்றாமவளுக்குப் போகும். ஆனால் ஆட்டத்தை ஆடத் தெரிந்தவர்கள் நடுவில் நிற்பவளைத்தான் பார்ப்பார்கள். அவள் கேள்வி சற்று விலகிப் போயிருந்தால் சிலேடைக்கு இடமே இல்லை. முதற்பெண்ணும் தன் வாக்கியத்தில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை விட்டிருக்கிறாள். ஆள் இல்லாத இடத்தில் பந்தைப் போட்டு, கூட்டாளி அங்கே ஓடி வருவாள் என்று நம்பும் ஆட்டக்காரியின் வேலை அது.

சாழல் இன்னும் துணிச்சலானது. மாணிக்கவாசகரின் திருச்சாழலில் இருபது பாட்டு. ஒருத்தி ஈசனைக் கேலி செய்கிறாள்: சுடுகாட்டில் ஆடுகிறவன், சாம்பல் பூசுகிறவன். மற்றவள் மறுமொழி சொல்கிறாள். திருமங்கையாழ்வாரும் இதே ஆட்டத்தைத் திருமாலுக்கு ஆடியிருக்கிறார். கடவுளைப் பழிக்கும் வரியை பக்தரே எழுத முடிந்தது எப்படி? ஹொய்சிங்கா சொன்ன வட்டம் இங்கே வேலை செய்கிறது. வட்டத்துக்குள் பழிப்பு பழியாகாது. எதிரே நிற்பவளுக்கு அது ஒரு வாய்ப்பு. பழிக்கும் வரி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயரம் எழும்பும் மறுமொழி.

ஜப்பானில் இதை நிஜமாகவே பல கவிஞர்கள் கூடி ஆடினார்கள். ரெங்கா என்ற தொடர்கவிதையில் ஒருவர் ஒரு கண்ணி சொல்ல, அடுத்தவர் அதைத் தொட்டுக்கொண்டு தன் கண்ணியைச் சேர்ப்பார். கவிஞர் பாஷோவின் காலத்தில் 36 கண்ணி கொண்ட வடிவம் பரவலாக இருந்தது. நிலவு வரவேண்டிய இடம், பூ வரவேண்டிய இடம் எல்லாம் முன்கூட்டியே குறிக்கப்பட்டவை. இதன் முதன்மை விதி எனக்கு மிகவும் பிடித்தது: உன் கண்ணி முந்தைய கண்ணியோடு ஒட்டவேண்டும், ஆனால் அதற்கும் முந்தையதிலிருந்து விலகிப் போயிருக்க வேண்டும். வந்த வழியே பந்தைத் திருப்பி அனுப்பத் தடை. இந்தத் தொடரின் முதற்கண்ணிக்குப் பெயர் ஹொக்கு. 1890களில் மசாவோகா ஷிகி, கூட்டாக எழுதுவது இலக்கியமே ஆகாது என்று சொல்லி அந்த முதற்கண்ணியை மட்டும் தனியே வெட்டி எடுத்தார். அதுதான் ஹைக்கூ. பாரதி 1916இல் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்திய காலம்தொட்டு நாம் கொண்டாடிவரும் அந்த மூன்றுவரி, ஆட்டம் தொடங்கும் முதல் உதை மாத்திரமே. அடுத்தவர் கால்படாத பந்து. நம்மூர் ஹைக்கூக்களில் பல ஏன் எங்கும் போகாமல் நின்றுவிடுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு; ஹைக்கூ எழுதும் நண்பர்கள் மன்னிக்க.

தமிழ்ப் புலவர் கதைகளில் கூட்டாட்டத்தைவிட மல்லுக்கட்டுதான் அதிகம் என்ற எதிர்வாதம் எழலாம். உண்மைதான். வாதில் தோற்ற புலவரின் காதை அறுப்பவர் என்று பெயரெடுத்த வில்லிபுத்தூராரும் அருணகிரிநாதரும் மோதிய கதையை எடுத்துக்கொள்வோம். அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப் பாட, வில்லியார் உடனுக்குடன் உரை சொல்ல வேண்டும். தகர வருக்கம் ஒன்றாலேயே அமைந்த 54ஆம் பாட்டில் உரைகாரர் சிக்கிக்கொண்டார். அருணகிரியார் தாமே பொருள் சொல்லி, காதை அறுக்காமல், இனி யார் காதையும் அறுப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்பார்கள். நடந்ததோ, புனைந்ததோ. கதை சொல்பவர்கள் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது: 53 பாட்டு வரை அங்கே நடந்தது ஒருவர் எறிய ஒருவர் பிடித்த ஆட்டம். பிடிக்கக்கூடிய ஆள் எதிரே இல்லையென்றால் அப்படி எறிந்திருக்கவே முடியாது.

தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே விலங்கு பூட்டிக்கொள்ளும் எழுத்தை என்ன செய்வது? சம்பந்தர் முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் மாலைமாற்றைப் பாடினார். சிவப்பிரகாசர் இதழ் ஒட்டாமலும் குவியாமலும் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி முழுவதையும் பாடினார். அதுவும் ஒரு போட்டிக்காக என்றே கதை. தண்டியின் தசகுமார சரிதத்தில் ஒருவன் தன் கதையை இதழொலி இல்லாமல் சொல்கிறான். காரணம், காதலி கடித்த உதடு வலிக்கிறது. விதிக்கு இப்படியொரு காரணம் கற்பித்த குறும்பை நினைத்து நினைத்துச் சிரிக்கலாம். பிரான்சில் 1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் தொடங்கிய ஊலிப்போ குழு இத்தகைய தடைகளையே தொழிலாகக் கொண்டது. அக்குழுவின் ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகம் வரும் 'ஈ' எழுத்தை ஒருமுறையும் பயன்படுத்தாமல் 1969இல் ஒரு முழு நாவல் எழுதினார். அவர் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் அந்த எழுத்து நான்கு முறை வரும். தந்தை 1940இல் போரில் இறந்தார். தாயை 1943இல் ஆஷ்விட்சுக்கு ஏற்றிப் போனார்கள். 'ஈ இல்லாமல்' என்பதும் 'அவர்கள் இல்லாமல்' என்பதும் பிரெஞ்சில் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்தச் செய்தி நாவலில் எங்கும் எழுதப்படவில்லை. காணாமல் போனது எது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் வாசகர். பந்து அவர் காலடியில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதே பெரெக்தான் 1975இல் 'டபிள்யூ' என்ற நூலில் விளையாட்டை மட்டுமே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு தீவைக் கற்பனை செய்தார். முதலில் ஒலிம்பிக் கனவுபோலத் தெரிகிறது. பக்கங்கள் நகர நகர, தோற்றவனுக்கு உணவில்லை, விதிகள் நடுவில் மாறும், வெற்றிக்கும் பொருளில்லை. கடைசியில் அது வதைமுகாம் என்று தெரிகிறது. ஹொய்சிங்காவின் கசப்பு இங்கே தன் முழு உருவத்தைக் காண்கிறது. அந்தத் தீவில் எல்லாம் இருக்கின்றன: விதி, போட்டி, மைதானம், பார்வையாளர். ஒருவர் மற்றவருக்கு ஏதாவது கொடுக்கும் காட்சி மட்டும் இல்லை.

அதற்காகக் கொடுத்து வாங்கினாலே ஆட்டமாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1982 உலகக்கோப்பையில் ஜூன் 25 அன்று ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணியுமே அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியேறும். தொடக்கத்திலேயே அந்த ஒரு கோல் விழுந்தது. பிறகு மிச்ச நேரம் முழுவதும் இரு அணிகளும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே நின்றன. ஒரு விதியும் மீறப்படவில்லை. அத்தனை பாஸும் துல்லியம். அரங்கிலிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். நம்மிடமும் ஹிஹோன்கள் உண்டு. பிற்காலத்து யமகம், திரிபு, சித்திரகவிகளில் பெரும்பகுதியை நேர்மையாகப் படித்தால் இதே சலிப்புதான் மிஞ்சும்: எழுத்து எழுத்துக்குப் பந்து போகிறது, கோல் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. உரையாசிரியரும் புலவரும் தங்களுக்குள் தட்டிக்கொள்கிறார்கள், வாசகர் அல்ஜீரியாவாகிறார்.

விளையாட்டுக்காரர்கள் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதில் இலக்கியக்காரர்களைவிடச் சுறுசுறுப்பு. ஹிஹோனுக்குப் பிறகு, பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்றாயிற்று. சக வீரர் காலால் திருப்பித் தந்த பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்து நேரத்தைப் போக்குவதை 1992இல் தடை செய்தார்கள். ஒரு தலைமுறை கோல்கீப்பர்கள் முப்பது வயதில் பந்து உதைக்கப் படிக்க வேண்டியதாயிற்று. காசநோய் வராமலிருந்தால் அல்ஜியர்ஸின் கோல்கீப்பராகவே நீடித்திருக்கக்கூடிய எழுத்தாளர் ஆல்பெர் காம்யூ இதை ரசித்திருப்பார். (அந்தக் காம்யூ இறந்த மறுநாளில்தான் சுந்தர ராமசாமி தம் நாவலின் கற்பனை எழுத்தாளர் ஜே.ஜே.யைச் சாகவைத்தார். மெய்யான ஒரு மரணத்திடமிருந்து பொய்யான ஒரு மரணம் பந்தை வாங்கிக்கொண்டு நாவலைத் தொடங்குகிறது.)

குழுவுக்கும் தனியாளுக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த விவாதத்தில் மிக நன்றாக எழுதியவர் டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்பேன். 1963இல் வந்த அவருடைய கிரிக்கெட் நூல், பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளர் அந்தக் கணத்தில் தன் அணியின் பிரதிநிதி மட்டுமல்ல, தன் அணியாகவே ஆகிவிடுகிறார் என்று காட்டுகிறது. நாடகத்துக்கு உரிய இந்த அமைப்பால்தான் கிரிக்கெட் கலைகளோடு சேர்கிறது என்பது அவர் வாதம். சடுகுடுவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பாடிப் போகிறவர் தனியாள். ஆனால் கோட்டுக்கு வெளியே அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகளின் உயிர் அவர் மூச்சில் தொங்குகிறது. அவர் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் இவர்களில் ஒருவர் எழுந்து உள்ளே வரலாம்.

அந்த மூச்சுக்கு இப்போது என்ன ஆயிற்று? 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது. 2014 முதல் புரோ கபடி லீக் வண்ண விளக்குகளோடு வீட்டுக்குள் வந்தது. பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் அவுட். ஹிஹோன் நடக்காமல் தடுக்கும் நல்ல விதி. விறுவிறுப்பில் குறையில்லை, நானும் விரும்பிப் பார்க்கிறேன். சொல்லை விடாமல் சொல்ல வேண்டும் என்ற சட்டமும் அப்படியே இருக்கிறது. ஆனால் காலத்தை அளப்பது இப்போது திரையின் மூலையில் இறங்கிக்கொண்டிருக்கும் எண். ஊருக்கு ஊர் வேறுவேறாக இருந்த சடுகுடுப் பாட்டுகள், எதிராளியைச் சீண்டும் கேலியும் எதுகையுமாக ஒரே மூச்சில் நீண்டு போனவை, 'கபடி கபடி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி, அதுவும் பின்னணி இசைக்கும் வர்ணனையாளர் குரலுக்கும் அடியில் போய்விட்டது. உதடு அசைவது மட்டும் திரையில் தெரிகிறது.